கர்பலா வழியாகப் போ

இல்லை, கர்பலாவை விடாதே. ஏதாவது ஒன்றை விட்டே ஆகவேண்டும் என்றால் பாபிலோனை விடு. பாபிலோனில் பார்க்கத் தகுந்ததையெல்லாம் ஜெர்மன்காரர்கள் பெட்டி கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கல்லூரியில் படித்தேன். மிச்சம் செங்கல் மேடு. ஒரு கருங்கல் சிங்கம். அதன் காலடியில் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். அதைப் பார்க்க நீ அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

உன் திட்டத்தை மேசையில் விரித்து, பக்கத்தில் பள்ளிக்கூடத்து அட்லஸைத் திறந்து வைத்திருக்கிறேன். பஸ்ராவில் ரயில் ஏறுகிறாய். பாபிலோன். பிறகு பாக்தாத்: மியூசியம், நீல ஓடு பதித்த மசூதிகள், செம்பு தட்டும் கடைத்தெரு. அங்கிருந்து காணக்கின். எல்லை தாண்டினால் பாரசீகம். பட்டாளத்து லாரியில் மலையேறி கெர்மான்ஷா, அதற்கு அப்பால் மலைச்சுவரில் செதுக்கிய ராஜா. வந்த வழியே திரும்புகிறாய். ஒரு வார லீவுக்குள் இரண்டு தேசம். சண்டை முடிந்துவிட்டது, கப்பல் ஏற்றி அனுப்புமுன் கிடைக்கிற ஒரே லீவு, துப்பாக்கியும் தபால் மூட்டையும் தவிர வேறு எதையாவது பார்த்துவிட்டு ஊருக்கு வரவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சரி. எனக்குப் பிடித்திருக்கிறது. உன் முதல் திட்டம் இன்னும் பிடித்திருந்தது. அதில் கர்பலா இருந்தது. காசிமும் இருந்தான். கெர்மான்ஷா பாதையில் லாரி ஓட்டிப் பழகியவன், எந்த வளைவில் எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும் என்பது வரை அவன் கையெழுத்தில் ஓரத்தில் எழுதியிருந்தான். நேற்று வந்த தாளில் கர்பலாவும் இல்லை, காசிமும் இல்லை. பாபிலோனா, பாக்தாதில் இன்னொரு நாளா என்று மட்டும் கேட்டிருக்கிறாய்.

கேள்விக்குக் கீழே, போகிறபோக்கில் சொல்வதுபோல, இதையும் எழுதியிருக்கிறாய்: மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் காசிமின் வாயில் குத்தினேன், முன்பல் போயிற்று, அவன் கையை ஓங்கவே இல்லை, கோழைப் பயல். சின்னமனூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் உன் கம்பெனிக்கு வந்திருக்கிறான். உன் அப்பனை அல்லாசாமி குழியடியில் வெட்டியது துலுக்கன்தானே, நீ ராவுத்தர் மகனோடு ஒரே தட்டில் தின்கிறாயே என்று அவன் கேட்டானாம். நீ அப்படியே எழுந்து போய்க் குத்தினாயாம். வடக்கே இருந்து வரும் பத்திரிகைகளும் இப்போது அப்படித்தான் எழுதுகின்றன, அவர்களோடு இனி ஒட்டாது என்று. நீ அதையும் எழுதியிருக்கிறாய்.

உறையின் பின்னால் உன் பெயரைப் பார்த்தேன். பி. சாமி. உனக்கு நாங்கள் வைத்த பெயர் பக்கிரிச்சாமி. அந்த முதல் பாதி எங்கே போயிற்று?

நான் சொல்லப்போவதை இடையில் தணிக்கை செய்கிற அதிகாரி படித்தால் படிக்கட்டும். நீ உட்கார்ந்து படி.

உனக்கு ஒரு வயது ஆகுமுன் அம்மை போட்டது. கண் திறக்கவில்லை. உன் அப்பா ராவுத்தர் தெருவுக்குப் போய் பஞ்சாவுக்கு நேர்ந்துகொண்டார். பஞ்சா என்பது வெள்ளியில் செய்த ஒரு கை. வருஷம் முழுக்கப் பெட்டிக்குள் இருக்கும், முஹர்ரம் மாசத்தில் வெளியே வரும். கர்பலாவில் வெட்டுப்பட்டவர்களுக்காக, நபியின் பேரனுக்கும் அவர் வீட்டாருக்குமாக, நம் ஊரில் நெருப்புக்குழி இறங்குவார்கள். அதைத்தான் அல்லாசாமி பண்டிகை என்கிறோம். பஞ்சாவைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்குவது அவர்கள், பின்னால் இறங்குவது ஊர். விறகு நம் தெரு. குழி வெட்டுவது நம் வகையறா. முதல் வெட்டு நம் வகையறாவில் மூத்தவர் கையால். பிள்ளை பிழைத்தால் பக்கிரி என்று பெயர் வைக்கிறேன், அவன் ஓடியாடும் வருஷம் முதல் வெட்டை நானே வெட்டுகிறேன் என்று உன் அப்பா நேர்ந்தார். நீ பிழைத்தாய். பெயர் வைத்தோம். நேர்த்தியில் பாதி முடிந்தது.

உன் அப்பாவைப் பற்றி நீ கேட்டதெல்லாம் பெரியப்பா சொன்ன கதை. நான் சொல்கிறேன். வாய் நிறைய கேலி. நல்ல உழைப்பு. கோபம் கைக்கு வந்த பிறகுதான் தலைக்கு வரும். என்னையும் அடித்திருக்கிறார், பிறகு அழுதிருக்கிறார், அழுததற்காக மறுபடி கோபப்பட்டிருக்கிறார். உன் கையும் அப்படித்தான். மெஸ்ஸில் நடந்ததைப் படித்தபோது அவர் எழுந்து வந்ததுபோல இருந்தது.

அந்த வருஷம் பண்டிகைக்கு முன்னால் ராவுத்தர், அதாவது காசிமின் அப்பா, நம் வீட்டுக்கு வந்தார். ஏலக்காய் வியாபாரம், குமுளிப் பாதையில் அவர் வண்டிகள்தான் அதிகம். உன் அப்பாவும் அவரும் மாப்ள மச்சான் முறை. எனக்கு அவர் அண்ணன்.

"மாப்ள, இந்த வருசத்தோட குழிய நிப்பாட்டிக்கிருவோம்னு எங்க தெருவுல பேசிருக்காக. வெளியூர்ல ஓதிட்டு வந்தவுக சொல்றாக, மார்க்கத்துல இதெல்லாம் கெடையாதாம்."

உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மார்க்கத்துல இல்லாட்டிப் போகுது மச்சான். எங்க ஊர்ல இருக்குல்ல?"

"நெருப்பு எங்களுது, மாப்ள."

"குழி எங்களுது. ஒங்க சாமிய நீங்க விட்டாலும் நாங்க விடமாட்டோம், பாத்துக்கங்க."

ராவுத்தர் சிரித்துவிட்டார். "ஒன்னையப் பள்ளிவாசலுக்குள்ள அஞ்சு வேளை நிறுத்துனாத்தான் தெரியும்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார். அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். நாம் வேண்டும் என்கிறோம். அந்தக் குழிக்காக அடித்துக்கொண்டு சாக நம்மைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.

குழி வெட்டும் நாள், பொழுது சாயும் நேரம். நீ என் இடுப்பில். பெண்கள் ஒரு ஓரம், ஆண்கள் மற்ற ஓரம். ராவுத்தர் தனியாக வந்திருந்தார், கடைசியாக ஒருதடவை சொல்லிப் பார்க்க. அவர் தெருவிலிருந்து வேறு ஒருவரும் வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள். பெரியப்பா மண்வெட்டியோடு நின்றார். மூத்தவர் அவர்தான். உன் அப்பாவும் மண்வெட்டியோடு வந்தார்.

"தள்றா. மொத வெட்டு என்னுது" என்றார் பெரியப்பா.

"நேந்திருக்கேண்ணே. பிள்ளைக்கு."

"பிள்ளைக்கு நேந்தா ஆடு வெட்டு. கோழி வெட்டு. குழிய வெட்டாத."

உன் அப்பா அங்கே பேசாமல் இருந்திருக்கலாம். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் இருந்தால் அவருக்கு வாய் நிற்காது. "சரிண்ணே, நீங்களே வெட்டுங்க. ஆனா மொத வெட்டுக்குத் தலைப்பாகைய அவுக்கணும்ல? அந்த மொட்டையப் பாத்து அல்லாசாமியே ஓடிருமேன்னுதான் யோசிக்கேன்" என்றார். பெரியப்பாவுக்கு இளம் வயதில் காய்ச்சல் வந்து முடி கொட்டிப்போயிருந்தது. தூங்கும்போதுகூட அவிழ்க்கமாட்டார் என்று ஊரில் கேலி உண்டு. எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கமும் சிரித்தார்கள். நானும்.

மண்வெட்டி மண்ணில் இறங்கவில்லை. உன் அப்பாவின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. ஈர மண்ணில் இறங்கும்போது வரும் அதே சத்தம். அதனால் முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பின்னால் நின்ற ஒருவர், "வெட்டு நல்லா விழுந்திருச்சு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பெரியப்பா பிடியை இழுத்தார். வரவில்லை. உன் அப்பாவின் மார்பில் காலை வைத்து இழுத்தார். அப்போதுதான் ரத்தம் வந்தது. உன் அப்பா உட்கார்ந்தார், ஏதோ களைத்துப்போய் உட்காருவதுபோல. பிறகு சரிந்தார். கண் என்னைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

பெரியப்பாவின் கண் கூட்டத்தைச் சுற்றி வந்து ராவுத்தர்மேல் நின்றது. வெறுங்கையோடு நின்ற அந்த மனுஷன்மேல். "துலுக்கன் வெட்டிப்புட்டான்டா! தம்பிய வெட்டிப்புட்டான்!" என்று கத்தினார். மண்வெட்டி அவர் கையில்தான் இருந்தது. அதன் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தவர்கள்தான் எல்லோரும். எல்லோரும் ஓடினார்கள், ராவுத்தர் தெருவைப் பார்த்து. எனக்கு இது விளங்க வெகு காலம் ஆயிற்று. பங்காளியைப் பங்காளி வெட்டினான் என்று அங்கேயே நிற்பதைவிட, வேறு எவனோ வெட்டினான் என்று ஓடுவது அவர்களுக்கு லேசாக இருந்திருக்கிறது. ஓடுகிற கூட்டத்தில் யாரும் யோசிப்பதில்லை. நீயும் மெஸ்ஸில் எழுந்து போனபோது யோசித்திருக்கமாட்டாய்.

நானும் ஓடினேன், வாய்க்கால் வழியாக. கணவனை அங்கேயே போட்டுவிட்டு. கத்தி எடுத்த கூட்டம் போகிற இடத்துக்கே ஏன் ஓடினேன் என்று கேட்காதே. அங்கே ஒரு வீடு எனக்குத் தெரிந்தது. ராவுத்தர் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் வாசலில் நின்று "அண்ணே" என்று கத்தினேன். அவர் கதவைச் சாத்தினார். என்னைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினார். அவர் மனைவி, என் மதினிதான் கொல்லைக் கதவைத் திறந்து என் முடியைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். பாயில் காசிம் தூங்கிக்கொண்டிருந்தான், உன் வயது. உன்னையும் அவன் பக்கத்தில் போட்டு, நனைத்த சேலையை இரண்டு பேர்மேலும் மூடினாள். ஓட்டின்மேல் கல் விழுந்தது. வெளியே ஒரு கிழவரைத் தெருவில் இழுத்துப் போட்டு அடிக்கிற சத்தம் கேட்டது. அவர் ஒவ்வொருத்தனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னாருடைய மகன்தானே நீ, ஏலே, நீ இன்னாருடைய பேரன்தானே என்று. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. கிழவர் பிழைத்துக்கொண்டார், அதன்பின் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பக்கத்துக் கொட்டகையில் நெருப்பு வைத்தார்கள். அது ராவுத்தரின் ஏலக்காய்க் கிட்டங்கி. பின்னால் வண்டி மாடுகள் கட்டியிருந்தன. மாடு கதறியது கேட்டு ராவுத்தரின் தம்பி உள்ளே போனார். சின்ன ராவுத்தர் என்போம். கயிற்றை அறுத்து மாடுகளை விரட்டிவிட்டார். அவை முதுகு கருகி வெளியே வந்தன. அவர் வரவில்லை. கூரை விழுந்தது. மூட்டை மூட்டையாக ஏலக்காய் எரிந்தது, பக்கிரி. பாயசம் காய்ச்சுகிற வாசனை. ஊர் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி. நீ சேலைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அம்மா, பாயசம்" என்றாய். அப்புறம் அந்த வாசனைக்குள் இன்னொரு வாசனை வந்தது. நீ வாந்தி எடுத்தாய்.

நம் வீட்டில் எந்த விசேஷத்திலும் பாயசத்துக்கு ஏலக்காய் போட்டதில்லை. நீ ஏன் என்று கேட்டதில்லை. பஸ்ராவிலிருந்து எழுதிய முதல் கடிதத்தில் இங்கே காப்பியில் ஏலக்காய் போடுகிறார்கள், மரியாதைக்குக்கூட ஒரு மடக்குக் குடிக்க முடியவில்லை, குமட்டுகிறது, எனக்கே வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வெட்கப்படாதே. அது சின்ன ராவுத்தர்.

பெரியப்பா ஜெயிலுக்குப் போனது அந்த நெருப்புக்காக. உன் அப்பாவுக்காக ஒருவரும் போகவில்லை. மதுரைக் கோர்ட்டில் ராவுத்தரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள், குழியடியில் வெட்டியது யார் என்று. "நான் பாக்கல" என்றார். தம்பியை எரித்த வழக்கே போதும், இதையும் சொன்னால் மிச்சம் இருக்கிற தெருவையும் கொளுத்துவார்கள் என்று பயம். பயம் நியாயமானது. ஆனாலும் இன்றுவரை அவரை அண்ணே என்று கூப்பிட நேர்ந்தால் மதினி பக்கம் திரும்பிக்கொண்டுதான் கூப்பிடுகிறேன். அவரை நல்லவர் என்று நான் உனக்கு விற்கவில்லை. கதவைச் சாத்தியவர் அவர். பொய் சொன்னவர் அவர். என்னை யாரும் கேட்கவில்லை. மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எதையும் பார்த்திருக்க முடியும் என்று சர்க்கார் வக்கீலுக்குத் தோன்றவில்லை.

என் கூடப்பிறந்த அண்ணன் என்னை மதுரைக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைக்கிறேன் என்றான். பிள்ளையோடு சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடம் இல்லை. அப்போது பெரியம்மா வந்தாள். புருஷன் ஜெயிலில். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. "அவுக இவன் அப்பன எடுத்தாக. நான் வளத்துத் தாரேன். இவன இங்கன விட்டுட்டு நீ போய்ப் படிச்சிட்டு வா" என்றாள். நான் அவள் முகத்தில் துப்பினேன். அவள் துடைக்கவில்லை. "ஒண்ணு மட்டும். இவங்கிட்ட நீயும் சொல்லாத, நானும் சொல்லல. தெரிஞ்சா இவனும் மம்பட்டியத்தான் தூக்குவான்" என்றாள். மறுநாள் உன்னைக் கொண்டுபோய் அவள் மடியில் விட்டேன். உனக்கு நினைவிருக்கும் முதல் சோறு அவள் கையால் உருட்டியது. அதில் ஒரு பருக்கைகூடப் பொய் இல்லை.

நான் மதுரையிலும் பிறகு சென்னையிலும் படித்தேன். ரோமாபுரி எப்படி விழுந்தது, பாபிலோனை யார் பிடித்தான் என்றெல்லாம் எழுதித் தேறினேன். வாத்தியார் வேலை கிடைத்ததும் உன்னை என்னோடு கூட்டிவந்தேன், லீவுக்கு மட்டும் அந்த வீட்டுக்குப் போனோம். உன்னிடம் சொல்லாததற்காக நான் வருந்துகிறேன் என்று நீ எதிர்பார்க்கலாம். வருந்தவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் தகப்பனைக் கொன்றவன் யார் என்று தெரிந்து வளர்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான். அவன் மீசை முளைக்கும் வரை ஊர் காத்திருக்கும். முளைத்ததும் டீக்கடையில் எவனாவது கேட்பான், என்னடா இன்னும் சும்மா இருக்க என்று. உன்னை அந்தக் கேள்விக்கு வெளியே வளர்த்தேன். ஊர் வாயை மூடிக்கொண்டதும் அதற்கு உதவியது. செத்தது நம் ஆள், கொன்றது நம் ஆள். மூன்றாமவன் வாயைத் திறந்தால் இரண்டு வீடும் சேர்ந்து அவனை வெட்டும். ராவுத்தர் தெரு எப்போதும்போலப் பேசாமல் இருந்தது.

பெரியப்பா வெளியே வந்தபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்த உன்னைத் தோளில் தூக்கி, "ஒங்கப்பனுக்காகத்தான்டா உள்ள போனேன்" என்றார். நான் கதவோரம் நின்று கேட்டேன். சொல்லச் சொல்ல அவரே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். முல்லையாற்றில் நீந்தக் கற்றுக்கொடுத்தது அவர். கம்பு சுற்றக் கற்றுக்கொடுத்தது அவர். முழங்கையை மடக்கிக் கீழிருந்து மேலாக ஒரு குத்து வைப்பாயே, அதுவும் அவர்தான். காசிமின் வாயில் விழுந்தது அவருடைய கை.

இத்தனை வருஷம் நான் காத்தது உன் கை எவன்மேலும் அந்தக் கணக்குக்காக விழக்கூடாது என்பதற்காக. விழுந்துவிட்டது. அதுவும் எவன்மேல்! யாருடைய சிற்றப்பனை நம் வீட்டார், உன் அப்பன் பெயரைச் சொல்லி, உயிரோடு எரித்தார்களோ அவன்மேல். ஒரே ஈரச் சேலைக்குள் உன்னோடு கிடந்தவன்மேல். ஆகவே பெரியம்மாவோடு நான் செய்த ஒப்பந்தம் முடிந்தது.

அவன் ஏன் திருப்பி அடிக்கவில்லை? பயம் என்கிறாய். இருக்கலாம். அவன் அப்பாவுக்குப் பயம் உண்டு. அல்லது அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். தெரிந்தும் இத்தனை வருஷம் மாப்ள என்று கூப்பிட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. நீ கேட்டுத் தெரிந்துகொள்.

இனி உன் திட்டம். நான் மாற்றி எழுதுகிறேன், பார்.

பாபிலோனில் இறங்காதே. நேரே பாக்தாத். மியூசியத்துக்குக் காலையிலேயே போ, கூட்டம் இருக்காது. ஊர்களைப் பிடித்தது, தலைகளைக் குவித்தது, சிறை எடுத்தவர்களை ஓட்டிப்போனது எல்லாம் களிமண் பலகைகளில் அழகாகப் பதிந்திருக்கும். பார். அழகாக இருப்பதை அழகு என்று ஒப்புக்கொள். கடைத்தெருவில் பெரியம்மாவுக்குச் செம்புப் பாத்திரம் ஒன்று வாங்கு. மறுபடி ரயில். எல்லையில் பாஸைக் கேட்பார்கள், சட்டைப் பையில் வைக்காதே, வியர்வையில் மை ஓடும். மலை ஏறும்போது குளிரும். கம்பளி எடுத்துப் போ. மேகமலைக் குளிர் என்று நினைத்து ஏமாறாதே, அங்கே பனி கொட்டும் என்கிறது புத்தகம். கெர்மான்ஷாவில் தங்கி, அதற்கு அப்பால் அந்த ராஜாவைப் பார். அவன் படத்தைக் கல்லூரி நூலகத்தில் பார்த்திருக்கிறேன். வில்லை ஊன்றி நிற்கிறான். ஒருவன்மேல் கால். எதிரே கழுத்தில் கயிறு மாட்டிய வரிசை, கைகள் பின்னால். கீழே எழுத்து. ஒரு வெள்ளைக்காரர் உயிரைப் பிடித்துக்கொண்டு மலையில் தொங்கி அதைப் படித்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? இவன் பொய் சொன்னான், மூக்கை அறுத்தேன். இவன் பொய் சொன்னான், கண்ணைப் பிடுங்கினேன். நான் மட்டும் உண்மை. ஜெயித்து நிற்பவன் எழுதினால் அப்படித்தான் வரும். உன்னைத் தோளில் தூக்கிவைத்துப் பெரியப்பா சொன்னதும் அந்தக் கல்வெட்டுதான்.

அந்த ராஜாவைப் பார்த்த கண்ணோடு திரும்பி வந்து, கடைசியில் கர்பலாவுக்குப் போ. காசிம் எழுதியிருந்தான், பஸ்ராவுக்குத் திரும்பும் ரயில் பாதையிலிருந்து அதற்குக் கிளை பிரிகிறதாம். நீ போகப்போகிற ஊர்களிலெல்லாம் வெட்டியவனுக்குச் சிலை இருக்கும். அங்கே மட்டும் வெட்டுப்பட்டவர்களுக்காக இத்தனை நூற்றாண்டு கழித்தும் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். தாகத்தோடு செத்தவர்களுக்காக. நான் உன் அப்பாவுக்காக வாய்விட்டு அழவில்லை. கொன்றவர்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள், அதற்கு நடுவில் எனக்கு அழுகை வரவில்லை.

காசிமைக் கூட்டிப் போ. அவன் வரமாட்டேன் என்றால் அவன் லாரிக்குப் பக்கத்தில் நில். மறுநாளும் நில். அங்கே கோயிலுக்குள் உன்னை விடமாட்டார்கள். பொய் சொல்லி நுழையாதே. பெயர் கேட்டால் முழுப் பெயரைச் சொல். பக்கிரி என்றும் சாமி என்றும் ஒரே மூச்சில் கேட்டால் அவர்களுக்குக் குழம்பும். குழம்பட்டும். நீ வாசலில் நில். காசிம் உள்ளே போகட்டும். அவன் வெளியே வரும்வரை நின்றுவிட்டு இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடு. மன்னித்துக்கொள் என்று சொல்லாதே, அது மிகவும் சுலபம். படித்து முடிக்கும்வரை பக்கத்தில் இரு. அவன் அடித்தால் கையை ஓங்காதே. அப்புறம், அங்கே குழி வெட்டி நெருப்பு இறங்குகிற வழக்கம் உண்டா என்று யாரையாவது விசாரித்து எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது. உன் அப்பா எதற்காகச் செத்தார் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரியப்பா. நீ இப்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாய். கப்பலில் வரும்போதும் அதையே நினைத்துக்கொண்டு வருவாய். அவர்மேல் கை வைக்கும் உரிமை உனக்கு முன்னால் எனக்கு. வருஷக்கணக்காக அந்த வீட்டில் அவருக்கு நான் தண்ணீர் மொண்டு கொடுத்திருக்கிறேன். வேலியில் அரளி இருந்தது, அரைக்க அம்மி இருந்தது. சில நாள் அம்மிவரை போயிருக்கிறேன். செய்யவில்லை. என் நல்ல குணத்தால் என்று நினைக்காதே. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. செய்யாமல் விட்ட பிறகு மறுநாள் காலை விடிந்தது, உனக்குத் தலை சீவிவிட்டேன், அவ்வளவுதான் தெரியும். நீ வந்து என்ன செய்வாய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தவறான ஆளை வெறுத்துக்கொண்டு மட்டும் நீ வரக்கூடாது.

இதுவரை எழுதி, பேனாவை மூடிவிட்டுக் காலை பஸ்ஸில் ஊருக்குப் போனேன். திரும்பி வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

முதலில் பெரியப்பா வீடு. அவர் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். "பக்கிரிக்கு எழுதிட்டேன், மச்சான்" என்றேன்.

"என்னத்த?"

"குழியடில நடந்தத."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

உள்ளேயிருந்து பெரியம்மா, "இப்பவாச்சும் எழுதுனியே" என்றாள். அவர் வைக்கோலைப் போட்டுவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அந்த மொட்டைத் தலையை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். சின்னப்பிள்ளைத் தலை மாதிரி இருந்தது. "வரட்டும். இங்கனதான இருப்பேன்" என்றார்.

பிறகு ராவுத்தர் வீடு. அவர் தொழுகைக்குப் போயிருந்தார். நல்லதாயிற்று. மதினியிடம், என் மகன் உங்கள் மகனின் பல்லை உடைத்துவிட்டான் என்று சொன்னேன். ஏன் உடைத்தான் என்பதையும் சொன்னேன். அவள் முறத்திலிருந்த அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள்.

"எந்தப் பல்லு?"

"முன்பல்."

"அந்தப் பல்ல வச்சுத்தான் அவன் என்னையக் கடிப்பான், தாயி, பால்குடி மறக்கிறப்ப" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "காசிமுக்கு எல்லாந் தெரியும். பட்டாளத்துக்குப் போறப்ப அவுக அத்தா சொல்லித்தான் அனுப்புனாக" என்றாள்.

நான் அவளிடம் ஒன்று கேட்கத்தான் போயிருந்தேன். அந்த மனிதரை நாங்கள் எல்லோரும் சின்ன ராவுத்தர் என்றுதான் சொன்னோம், கோர்ட்டிலும் இன்னாருடைய தம்பி என்றே என் காதில் விழுந்தது, அவருக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். அப்பாஸ் என்றாள்.

அந்தப் பெயரை இங்கே எழுதிவிட்டேன். சுக்குத்தண்ணி கொடுத்தாள், குடித்துவிட்டு பஸ் ஏறினேன். இனி இதை ஒட்டித் தபாலாபீசில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகவேண்டும். உறையில் உன் முழுப் பெயரை எழுதியிருக்கிறேன்.